எக்ஸ்ரே நார்மல் என்று வந்த பிறகு

சென்னையில் விளையாட்டுக் காயத்துக்கு நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. அடிபட்ட அன்று ஸ்ப்ரே, மறுநாள் எக்ஸ்ரே. "ஒண்ணுமில்லை, நார்மல்" என்று வந்துவிட்டால் ஒரு கிரேப் பேண்டேஜும் ஐந்து நாள் மாத்திரையும். வீக்கம் வற்றியதும் மறுபடி கிரவுண்டுக்கு. மூன்று மாதம் கழித்து அதே கால், அதே இடம், முன்னைவிட மோசமாக.

எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும். ஜவ்வு (எலும்போடு எலும்பைக் கட்டும் நார்), தசைநார் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), தசை, மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு எதுவும் அதில் தெரியாது. எலும்பிலும்கூட மயிரிழை விரிசல்கள் முதல் வாரத்தில் படத்தில் விழாமல் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து, எலும்பு தானாகக் கூடத் தொடங்கும்போதுதான் அந்தக் கோடு தெரியும். ஆகவே நார்மல் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: அப்படியானால் என்னதான் போயிருக்கிறது?

கணுக்காலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஷட்டில், கால்பந்து, கபடி, தெருமுனை டென்னிஸ் பால் கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் பொதுவான காயம் கால் பிரண்டுகொள்வது. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழிகிறது. எல்லாப் பிரளலுக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. கனடாவில் ஒட்டாவா மருத்துவர்கள் 1992-ல் வகுத்த விதி ஒன்று இருக்கிறது. விரல் இருந்தால் போதும், யாரும் பார்த்துவிடலாம். உள்கணு, வெளிக்கணு இரண்டிலும் நுனியையும், பின் ஓரத்தில் அங்கிருந்து மேலே 6 செ.மீ. வரையும் எலும்பின் மேலேயே அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் பாதி தூரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு, உள் ஓரத்தில் வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு. இவற்றில் ஏதாவது ஒன்று அழுத்தினால் வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே கட்டாயம். நொண்டி நடந்தாலும் நாலு அடி நாலு அடிதான். வலி எலும்புக்குக் கீழே சதையில் மட்டும் இருந்து, நடக்கவும் முடிந்தால், உடைந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கும், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்த விதியை நம்ப வேண்டாம். நேராகப் படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை. ஆடுசதையின் நடுவில் அடிபட்ட கணைக்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்து உள்ளங்கையால் இறுக்குங்கள். வலி கீழே கணுக்காலின் முன்பக்கம் வந்தால், அந்த எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மேல் ஜவ்வு போயிருக்கலாம். சாதாரணப் பிரளலைப் போல அது சீக்கிரம் ஆறாது. மூட்டு அகன்றுவிட்டால் அறுவை சிகிச்சைகூட வேண்டியிருக்கும். எலும்பு மருத்துவர் பார்க்காமல் விடக்கூடாது.

முதல் இரண்டு மூன்று நாளைக்கு அழுத்தமும் உயரமும்தான் முக்கியம். 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜைக் கால்விரல் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி மேலே கொண்டுபோங்கள். கணுவிலிருந்து ஆரம்பித்தால் வீக்கம் முழுக்கப் பாதத்தில் இறங்கிவிடும். கட்டி முடித்ததும் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இரவு தூங்கும்போது அவிழ்த்துவிட்டு, காலுக்குக் கீழே இரண்டு தலையணை. ஐஸ் வைப்பதானால் நனைத்த துண்டைச் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. அது வலிக்குத்தான், ஆறும் வேகத்தைக் கூட்டாது. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்ற பழைய சூத்திரத்தை 1978-ல் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே பிற்பாடு, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டார். முறிவு இல்லையென்றால், வலி தாங்குகிற அளவுக்கு இரண்டாம் மூன்றாம் நாளே பாதத்தை ஊன்றி நடப்பதுதான் நல்லது.

ஜவ்வு எந்த அளவு கிழிந்திருக்கிறது என்பதை முதல் நாளில் கைவைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. வலியில் தசை இறுகிக்கொள்ளும், வீக்கம் எல்லாவற்றையும் மறைக்கும். நாலைந்து நாள் கழித்து மறுபடி போய்க் காட்டுங்கள். முழங்காலை மடக்கிவைத்து, கணுக்குமேல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குதிங்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். மற்றக் காலைவிட அதிகமாக நகர்ந்தால் கிழிசல் முழுசு. இந்த ஐந்தாம் நாள் சோதனைக்கு வருகிறவர்கள் மிகக் குறைவு; அதற்குள் வீக்கம் வற்றியிருக்கும், போவானேன் என்று இருந்துவிடுகிறார்கள்.

வீக்கம் வற்றியபின் திரும்ப வராமல் இருப்பவை மூன்று: கணுக்கால் மடங்கும் அளவு, ஆடுசதையின் பலம், சமநிலை. சுவருக்கு எதிரே நின்று குதிங்கால் தரையை விட்டு எழாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிகிற கடைசி இடத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு செ.மீ.க்குள் வர வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிங்காலை முழு உயரத்துக்கு 25 முறை எழுப்ப முடிய வேண்டும். ஒற்றைக்காலில் 30 விநாடி, கண் திறந்து, பிறகு கண் மூடி. இதைப் பல் தேய்க்கும்போதே செய்துவிடலாம். இதற்கெல்லாம் குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும். ஆட்டத்துக்குத் திரும்பியபின் ஒரு வருடம்வரை லேஸ் கட்டும் வகை கணுக்கால் பிரேஸ் போட்டு ஆடினால் மறுபடி பிரள்வது கணிசமாகக் குறையும். மெடிக்கலில் கிடைக்கும் எலாஸ்டிக் உறை வேறு. அது சூடாக இருக்கும், பிடித்து நிறுத்தாது.

ஷூவும் ஒரு காரணம். ஷட்டில் கோர்ட்டில் ரன்னிங் ஷூவோடு இறங்குகிறவர்களை வாரம் முழுக்கப் பார்க்கிறோம். ரன்னிங் ஷூவின் குதிப்பகுதி உயரமானது, மெத்தென்றது. நேராக ஓட அது சரி, பக்கவாட்டில் பாய்ந்து நிற்கும்போது பாதம் அப்படியே உருண்டுவிடும். ஷட்டிலுக்குத் தட்டையான ரப்பர் அடி வேண்டும். டர்ஃபில் நேர்மாறான சிக்கல்: ஷூவின் அடியில் இருக்கும் நீள முளை (ஸ்டட்) செயற்கைப் புல்லில் மாட்டிக்கொண்டு பாதம் நிற்க, உடம்பு திரும்ப, முழங்கால் திருகிக்கொள்ளும். அடியில் நிறையக் குட்டி ரப்பர் முளைகள் இருக்கும் டர்ஃப் ஷூ போதும்.

இனி நீவுதல். சுளுக்கு எடுப்பதும் எண்ணெய் போட்டு நீவுவதும் நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். நாள்பட்ட முதுகு இறுக்கத்துக்கு நீவிவிட்டால் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் புது அடியில் நீவுவது ஆபத்து. கபடியில் எதிராளியின் முட்டி தொடையில் இடித்தால் முன்தொடைத் தசைக்குள் ரத்தம் கட்டும். அதைச் சூடு பண்ணி, தைலம் தேய்த்து, அழுத்தி நீவினால் கசிவு கூடும். கட்டிய ரத்தத்துக்குள் எலும்பு படியத் தொடங்கும். மூன்று நாலு வாரத்தில் தொடையில் கல் போல ஒரு கட்டி, முழங்கால் பாதிதான் மடங்கும், அப்போது எடுக்கும் எக்ஸ்ரேயில் தசைக்கு நடுவே வெள்ளையாக எலும்பு. இது வராமல் தடுக்க வழி எளிது. அடிபட்ட சில நிமிடத்துக்குள் முழங்காலை வலி தாங்கும் அளவு, முடிந்தால் 120 டிகிரி வரை மடக்கி, தொடையையும் கணைக்காலையும் சேர்த்து கிரேப் பேண்டேஜால் சுற்றி, 24 மணி நேரம் அப்படியே வைப்பது, மேலே ஐஸ். தசை நீண்ட நிலையிலேயே இருப்பதால் மடங்கும் அளவு குறையாது. பிள்ளைகளின் முழங்கை அடிபட்டால் அங்கேயும் இதே விதி: நீவவே கூடாது.

புத்தூர் கட்டு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நகராத சின்ன முறிவு எந்தக் கட்டிலும் கூடிவிடும்; கூட்டுவது எலும்பின் வேலை, கட்டு அதை அசையாமல் வைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டின் பேர் அப்படித்தான் வளர்ந்தது. முறிவு மூட்டுக்குள் போயிருக்கிறதா, எலும்பு நகர்ந்திருக்கிறதா, பிள்ளையின் வளர்தட்டு (எலும்பு நீண்டு வளரும் இடம்) கலைந்திருக்கிறதா என்று பார்க்காமல் மூங்கில் பட்டை வைத்து இறுக்குவதில்தான் வினை. மாவுக்கட்டோ மூங்கில் கட்டோ, எது போட்டாலும் விரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். அடிக்குச் சம்பந்தமில்லாத அளவில் துடிக்கிற வலி, நீட்டினால் அலறல், மரத்துப்போதல் இருந்தால் உள்ளே ரத்த ஓட்டம் நெருக்கப்படுகிறது. உடனே கட்டை அவிழ்த்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துவிடும், கை நிரந்தரமாக மடங்கிப்போகும். ராத்திரி இரண்டு மணி என்றாலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் எலும்பு முறிவைப் பார்க்க ஆள் உண்டு. விடியட்டும் என்று காத்திருக்கிற காயமில்லை இது.

எலும்பே போயிருந்தும் முதல் எக்ஸ்ரே ஏமாற்றுகிற இடங்கள் சில இருக்கின்றன. அதில் முதலாவது மணிக்கட்டு. டைவ் அடித்த ஃபீல்டர், கோல்கீப்பர், ஸ்கேட்டிங் பிள்ளை என்று கையை ஊன்றி விழுந்த யாராக இருந்தாலும், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநார் புடைத்து நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியில் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால், எக்ஸ்ரே நார்மலாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு ஸ்பிளின்ட் போட வேண்டும். 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே, வசதி இருந்தால் முதல் வாரத்திலேயே எம்ஆர்ஐ. இந்தச் சின்ன எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதி பட்டினி கிடந்து செத்துப்போகும். சுளுக்கு என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எலும்பு ஒட்டவைத்து ஸ்க்ரூ போடும்படி ஆகிறது.

அடுத்தது ஓட்டக்காரர்களின் முன்கால் வலி. ஜனவரியில் மாரத்தான் என்று ஆகஸ்டில் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் ஓட ஆரம்பிக்கிறவர்களுக்கு அக்டோபர் வாக்கில் இது வரும். கணைக்கால் எலும்பின் உள் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் பரவலாக வலித்தால் எலும்பின் மேலுறை புண்பட்டிருக்கிறது; தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்து, அந்தக் காலில் மட்டும் குதித்தால் அதே புள்ளியில் தைத்து, ராத்திரியிலும் வலித்தால் எலும்பில் விரிசல். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எம்ஆர்ஐ. எலும்பின் முன்புற விளிம்பின் நடுவில் வலி, பாதத்தின் மேல்புற நடுவில் வலி, தொடை இடுக்கில் வலி, இந்த மூன்றுக்கும் தனி மரியாதை கொடுக்க வேண்டும். இடுக்கு வலியோடு ஓடுகிறவருக்குத் தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்தால், அது ஒருநாள் ஓட்டத்தின் நடுவிலேயே இரண்டாகிவிடும். ஸ்கேன் பார்க்கும்வரை ஊன்றுகோலில்தான் நடக்க வேண்டும். ஓடுகிற பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால், சாப்பாடு ஓட்டத்துக்குப் போதவில்லை, எலும்பு மெலிகிறது என்று அர்த்தம். பயிற்சியாளர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி அது. வைட்டமின் டி-யும் பார்த்துவிடுங்கள். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அது குறையுமா என்பார்கள்; அதிகாலை ஓட்டம், பிறகு ஏசி அறை என்று இருந்தால் வெயில் எங்கே படும்?

மூன்றாவது, வேகப்பந்து வீசுகிற பையனின் முதுகு. எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் 1987 முதல் இருக்கும் ஊர் என்பதால் வேகம் வீசும் ஆசைக்கு இங்கே குறைவில்லை. பதினாலு முதல் இருபது வயதுக்குள், பெல்ட் கட்டும் மட்டத்தில், ஒரு பக்கம் மட்டும், பின்னால் வளைந்தால் வலி என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளாதீர்கள். கடைசி இடுப்பு முள்ளெலும்பின் பின்வளையத்தில், வலது கை பவுலருக்கு இடப்பக்கம், விரிசல் விழுகிற இடம் அதுதான். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. சீக்கிரம் கண்டுபிடித்து மூன்று நாலு மாதம் பந்தை வைத்துவிட்டால் எலும்பு கூடும். வலியோடு ஒரு சீசன் வீசினால் கூடாமலே நின்றுபோகலாம். ஸ்கூல் டீம், அகாடமி நெட்ஸ், வார இறுதி லீக் என்று மூன்று இடத்தில் வீசுகிற பையனின் மொத்தப் பந்துகளை யாருமே கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோச்சுக்கும் தன் கணக்கு மட்டும்தான் தெரியும். நெட்ஸ் பந்தையும் சேர்த்து வாரக் கணக்கை வீட்டில் ஒரு நோட்டில் எழுதுங்கள். பரீட்சை விடுமுறை முடிந்து வந்ததும் திடீரென்று இரட்டிப்பாகிற வாரத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

முழங்காலில் முதல் கேள்வி, எப்போது வீங்கியது என்பதுதான். திரும்பும்போது "டப்" என்று ஒரு சத்தம், இரண்டு மணி நேரத்துக்குள் மூட்டு பந்து போல உப்பல் என்றால் உள்ளே ரத்தம். பெரும்பாலும் ஏசிஎல், அதாவது முன் குறுக்கு ஜவ்வு. ராத்திரி தூங்கி எழுந்தபின் வீக்கம், படி இறங்கும்போது ஓரத்தில் வலி என்றால் மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு. முழங்கால் நீட்ட வராமல் பாதியில் பூட்டிக்கொண்டால் கிழிந்த மெனிஸ்கஸ் நடுவில் சிக்கியிருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. கபடி மண் தரையிலிருந்து செயற்கை விரிப்புக்கு (மேட்) மாறியபின் பாதத்தின் பிடி கூடியிருக்கிறது. ரெய்டர் கணுக்காலைப் பிடிகொடுத்தபடியே கோட்டுக்குத் திரும்பும் அந்த ஒரு விநாடியில் ஏசிஎல் போவதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது.

ஏசிஎல் கிழிந்த எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. திரும்பி வளைந்து ஆடும் ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டும். அதுவும் அவசர அவசரமாக வேண்டாம்: வீக்கம் வற்றி, முழங்கால் முழுசாக நீட்ட வந்து, முன்தொடை இறுக்க வந்தபின் செய்தால் பின்னால் விறைப்பு குறைவு. ஆபரேஷன் முடிந்த நாலாம் மாதம் வலியே இருக்காது, ஓடவும் முடியும். ஆனால் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்த நார் (கிராஃப்ட்) இன்னும் ஜவ்வாக மாறியிருக்காது. இங்கேதான் பையன்கள் அவசரப்படுகிறார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு 51 சதவீதம் குறைவதைக் காட்டியது. மாதக் கணக்கு மட்டும் போதாது: முன்தொடையின் பலமும் ஒற்றைக்கால் தாவும் தூரமும் மறு காலின் அளவில் 90 சதவீதமாவது வர வேண்டும். அளக்காமல் "ரெடி" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தனியார் பிசியோ செலவு தாங்காதவர்கள் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் விசாரிக்கலாம்.

முப்பத்தைந்தைத் தாண்டிய ஷட்டில்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது குதிகால் நரம்பு, அதாவது ஆடுசதையைக் குதியெலும்போடு இணைக்கும் தசைநார். அது அறுந்தால் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஆளே இருக்க மாட்டார். நடக்க முடியும், விரலை ஆட்ட முடியும், எக்ஸ்ரே நார்மல், அதனால்தான் தவறிப்போகிறது. கட்டில் விளிம்பில் பாதம் தொங்கும்படி குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையைப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையவே அசையாது. பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி அதே வாரத்தில் மருத்துவரிடம் போனால், பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே ஆறும். வயிற்றுப்போக்கு என்று கடையில் தானாக வாங்கிப் போடுகிற சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் இந்த நரம்பைப் பலவீனப்படுத்தும். போட்டிருந்தால் சில வாரம் பாய்ந்து ஆட வேண்டாம். அறுபடாமல் நாள்பட வலிக்கிற நரம்புக்கு ஓய்வைவிடச் சுமைதான் மருந்து: படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, நல்ல காலால் ஏறி, வலிக்கும் காலால் மெதுவாகக் குதியை இறக்குவது. முழங்கால் நீட்டி 15 வீதம் 3 செட், மடக்கி 15 வீதம் 3 செட், காலையும் மாலையும், 12 வாரம். வலி குதியெலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள்.

விரல் நுனியில் பந்து பட்டு, நுனி தொங்கிப்போனால் ஸ்பிளின்ட் போட்டு நேராக ஆறு வாரம். குளிக்கக் கழற்றும்போதும் மேசைமேல் வைத்து நீட்டியபடியே கழற்ற வேண்டும். ஒரு தடவை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து.

வலி மாத்திரையைப் பற்றி ஒன்று. ஆட்டத்துக்கு முன் டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு இறங்குவது காயத்தை மறைக்கிறது என்பது ஒரு பக்கம். மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்தையும் அடிக்கும். நீண்ட ஓட்டத்தன்று அந்த வகை மாத்திரை எதுவும் வேண்டாம்.

பின்தொடை பிடித்துக்கொள்வதைத் தடுக்க நார்டிக் பயிற்சியைப் போல வேலை செய்வது வேறு எதுவும் இல்லை. செய்யும் அணிகளில் அந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. மண்டியிட்டு, நண்பர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் உடம்பை முன்னால் முடிந்தவரை மெதுவாகச் சாய்ப்பது. கடைசியில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 வீதம் 2 செட். அடுத்த வாரம் இரண்டு நாள், 6 வீதம். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள், மெல்ல ஏற்றி 12, 10, 8 என்று மூன்று செட். முதல் நாளே பத்து பத்தாகப் போட்டு, மறுநாள் உட்கார முடியாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சீசன் நடக்கும்போது வாரம் ஒருமுறை போதும், ஆனால் மேட்ச்சுக்கு முந்தின நாள் வேண்டாம்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபாவின் 11 பிளஸ் இருபது நிமிடம்: எட்டு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் பலமும் குதித்தலும் சமநிலையும், இரண்டு நிமிடம் வேக ஓட்டம். ஏசிஎல்லைக் காப்பது நடுவில் இருக்கும் பத்து நிமிடம்தான். அதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். டர்ஃப் மணிக்கணக்கில் வாடகை என்பதால் உள்ளே போய் வார்ம்-அப் செய்ய யாருக்கும் மனசு வராது, ஸ்லாட் தொடங்கிய மூன்றாம் நிமிடம் ஸ்பிரின்ட். இதற்கு வழி வாசலிலேயே இருக்கிறது. பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, முந்தைய குழு வெளியே வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த இருபது நிமிடத்தில் மொத்தத்தையும் முடித்துவிடலாம்.